பெட்டியில் போனால் ஏறினதாகுமா

எலிவேட்டர் என்ற சொல் எனக்கு முதலில் தலைக்கு மேலே இருந்து வந்தது. ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஓர் ஆங்கிலேய அம்மாள் நடத்திய தங்கும் விடுதியில், சமையற்கட்டில் வேலை பார்த்தேன். சரிவில் கட்டிய வீடு அது. சமையற்கட்டு கீழே, சாப்பாட்டு அறை மேலே. இரண்டுக்கும் நடுவே சுவருக்குள் ஒரு பொந்து. அதற்குள் கயிற்றில் தொங்கும் ஒரு மரப்பெட்டி. சூப்பையும் ரொட்டியையும் பெட்டியில் வைத்து நான் கயிற்றை இழுத்தால் மேலே பட்லர் எடுத்துக்கொள்வார். காலித் தட்டுகள் அதே வழியாக இறங்கி வரும்.

அதே மலையில் கிளாவரைப் பக்கம் பூண்டு வயலில் வளர்ந்தவன் நான். பள்ளிப்படிப்போடு சரி. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்டவனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்காது. சாப்பிடுகிறவர் யார் முகத்தையும் பார்க்காமல் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

பொந்து வழியாகச் சாப்பாடு மேலே போகும், பேச்சு கீழே வரும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பெரும்பாலும் அப்படி இறங்கி வந்ததுதான். கோடைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்க மிஷனரி, புட்டிங் தாமதமானபோது எலிவேட்டர் தூங்கிவிட்டதா என்று கேட்டார். விடுதி அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அது எலிவேட்டர் இல்லை, லிஃப்ட் என்றார். அமெரிக்கர் விடவில்லை. அம்மாளும் விடவில்லை. புட்டிங் வந்து, ஆறி, தட்டுகள் திரும்பி வரும்வரை அந்த வழக்கு நடந்தது. பட்லருக்கு இரண்டு சொல்லும் பிடிக்காது. அவர் அதை டம் வெயிட்டர் என்பார். ஊமைப் பரிமாறுகிறவன் என்று அதற்கு அர்த்தம் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். நாங்கள் கீழே இருந்தவர்கள் அதைப் பொட்டி என்றோம். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் இழுத்தது நான்தான்.

அந்தக் கோடை முடிந்ததும் விருந்தாளி ஒருவர் விட்டுப்போன அகராதி என்னிடம் வந்தது. முதுகு கிழிந்த புத்தகம். நான் முதலில் தேடியது அந்தச் சொல்லைத்தான். ஒன்றைத் தேடினால் ஊரே இருந்தது. ஆளை மாடிக்கு ஏற்றுவது எலிவேட்டர். தானியத்தை மேலே அள்ளிக்கொண்டு போகும் இயந்திரமும், அந்தத் தானியத்தைக் கொட்டிவைக்கும் உயரமான கிடங்கும் எலிவேட்டர். உடம்பில் ஓர் உறுப்பை மேலே தூக்கும் தசை, எலிவேட்டர். ஆகாய விமானத்தின் வாலில் ஒரு பலகை உண்டாம், விமானம் மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் அதை அசைக்க வேண்டுமாம், அதுவும் எலிவேட்டர். இத்தனைக்கும் மூலம் பழைய லத்தீன் சொல் ஒன்று. அதற்கு அர்த்தம், கனத்தைக் குறைப்பது.

இது எனக்கு வியப்பாக இருந்தது. தூக்குகிறவனுக்குக் கனம் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எங்கள் பெட்டியின் கயிற்றுக்கு மறுமுனையில் ஓர் இரும்புக்கட்டி தொங்கியது. பெட்டி ஏறும்போது அது இறங்கி, சுமையில் பாதியை வாங்கிக்கொள்ளும். ஆகவே அகராதி பாதி உண்மை என்று முடிவு செய்தேன். தூக்கப்பட்டது ஏறினதாகுமா ஆகாதா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்போது அந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை. சூப்புக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

எனக்குப் பெண் கொடுத்தவர் பழனி அடிவாரத்தில் தேங்காய், பழம், கற்பூரக் கடை வைத்திருந்தார். மலைக்கு ஏறும் படிகள் தொடங்கும் இடத்திற்கு மிக அருகில் கடை. கனத்த உடம்பு, கனத்த குரல். என்னிடம் பேசும்போது மட்டும் குரலைக் குறைத்துக்கொள்வார், மலைக்காட்டுப் பறவை பறந்துவிடும் என்பதுபோல.

என் மனைவிக்குத் தலைப்பிரசவம் கொடைக்கானலில், மிஷன் ஆஸ்பத்திரியில். கஷ்டமான பிரசவம். மாமனார் வத்தலக்குண்டு வழியாகச் சுற்றி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வராந்தாவில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். மஞ்சு மூடியிருந்ததால் திசை சற்றே தவறியிருக்கலாம். "முருகா, ரெண்டு உசுரையும் குடு. பிள்ளைக்கு முடியெறக்கி, நானே தூக்கிக்கிட்டு ஏறி வந்து ஒன் முன்னால காட்டுறேன்" என்றார். பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். அந்த நேரத்தில் மாமனாருக்கு முழங்கால் நன்றாக இருந்தது. பழனி மலைக்கு விஞ்சும் வந்திருக்கவில்லை.

இரண்டும் மாறின. முதலில் வந்தது விஞ்ச். மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, இரும்புக் கம்பியில் கட்டி இழுக்கிற பெட்டி ரயில். ஒரு பெட்டி மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும், நடுவழியில் ஒன்றையொன்று தாண்டும். அந்த ஏற்பாடு எனக்குப் புரிந்தது. எங்கள் பொந்தில் இரும்புக்கட்டி பார்த்த வேலையை இங்கே இறங்குகிற பக்தர்கள் பார்த்தார்கள். மின் இழுவை ரயில் என்று முறையான பெயர் ஒன்று வைத்தார்கள். ஊர் அதை விஞ்ச் என்றது. மாமனார் தகர டப்பா என்றார்.

அடிவாரத்துக் கடைக்காரர்கள் மாலையில் மாமனார் கடை முன்னால் கூடி விஞ்சை எதிர்த்தார்கள். இதில் வியாபாரக் கவலை துளியும் இல்லை, பக்தி ஒன்றுதான் காரணம் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டார்கள். யாரும் கேட்காதபோதும் சொல்லிக்கொண்டார்கள். மாமனாருக்கு வலதுகை எதிர்க்கடைக்காரர். கடைக்கு முன்னால் போட்ட தட்டி யாருடைய எல்லைக்குள் வருகிறது என்ற விஷயத்தில் இவர்கள் இருவரும் பல வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். விஞ்ச் வந்த பிறகு ஒரே டம்ளர் டீயைப் பாதியாக்கிக் குடித்தார்கள். மலைமேல் அது எத்தனை பேரை ஏற்றியதோ, தரையில் இந்த இரண்டு பேரைச் சேர்த்துவைத்தது.

"இடும்பன் ரெண்டு மலையத் தோள்ல தூக்கிட்டு வந்தாண்டா. இவனுகளுக்குச் சொந்த ஒடம்பத் தூக்க முடியல" என்பார் மாமனார். அந்த இடும்பனே இந்த இடத்தில் மலையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்க முடியாமல் நின்றவன்தான். அதை நான் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் நான் பேசுவதில்லை.

ஒருநாள் அவர் தனியாக இருந்தபோது அகராதியில் பார்த்ததை மட்டும் சொன்னேன். இந்த மாதிரி இயந்திரத்துக்கு இங்கிலீஷில் கனத்தைக் குறைப்பது என்று மூலத்தில் அர்த்தம் என்றேன்.

அவர் கற்பூரக் கட்டியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே யோசித்தார். "நம்ம பாரத்த எறக்கத்தான மாப்ள சாமிகிட்டப் போறோம்? போற வழியிலயே ஒருத்தன் எறக்கிவிட்டுட்டா, அப்புறம் மேல சாமிக்கு என்ன சோலி?"

இதற்குப் பதில் லத்தீன்காரருக்கும் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு முழங்கால் போனது. வருஷக்கணக்கில் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததால் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். படி ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழந்தைக்கு முடி இறக்கும் வயசு வந்து, தள்ளிப்போட்டு, மறுபடி தள்ளிப்போட்டோம். ஐப்பசி மழையில் நாங்கள் பழனிக்கு வந்திருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. விட்டது, மறுபடியும் வந்தது. சாமி கதவைத் தட்டுகிறார் என்று மாமியார் சொன்னார். என் மனைவி குழந்தையின் நெற்றியில் கை வைத்தபடியே தூங்கினாள். அதற்குமேல் தள்ளிப்போட யாருக்கும் துணிச்சல் இல்லை.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குழந்தையை நான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்றேன். நேர்ந்துகொண்டது தான் என்றார் அவர். படியைவிட யானைப்பாதை சாய்வாக இருக்கும், அதில் மெதுவாகப் போகலாம் என்று முயன்று பார்த்தார். முதல் திருப்பத்திலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். டோலியில் போகலாமே, ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றார் மாமியார்.

"நாலு பேரு என்னத் தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாள் கெடக்கு" என்றார் மாமனார்.

மீதி இருந்தது ஒன்றுதான். அதன் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் என்னைக் கடையின் பின்பக்கம் கூப்பிட்டார்.

"மாப்ள, நல்லா ரோசன பண்ணிப் பாத்தேன். அந்த டப்பால போறவன் எல்லாம் என்ன செய்றான்? உக்காந்துக்கிட்டுப் போறான். அதான் சொகுசு. நின்னுக்கிட்டே போனா?"

நான் விழித்தேன்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு, காலு ஊனி, நின்னுக்கிட்டே போனா அது ஏறினதுதான. நான் ஏறுறேன். டப்பாவும் கூட வருது. அவ்வளவுதான்."

சட்டம் படித்திருக்க வேண்டிய மனிதர் கற்பூரம் விற்றுக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. இந்த வாதம் மேலே எடுபடாவிட்டால் பேத்திக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் இருந்தது. நானும் அதே பயத்தில்தான் தலையாட்டினேன்.

கடைகள் திறக்குமுன் வெள்ளனே போனோம். அடிவாரத்தில் குழந்தைக்கு முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசியாயிற்று. மாமனார் துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டி, மூக்கு மட்டும் தெரிய வைத்திருந்தார். குளிருக்குக் கட்டியதாகச் சொன்னார். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். கூட்டமாகப் போனால் தெரிந்துவிடும் என்பது அவர் கட்டளை.

பெட்டிக்குள் படிபோலப் பலகைகள் போட்டிருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமனார் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்றார். பெட்டியின் காவலாளி, உட்காரும்படி சொன்னார்.

"நான் உக்கார வரல" என்றார் மாமனார்.

"நிக்கக்கூடாதுங்க பெரியவரே. ஆடும்."

"படி ஏறும்போது எவனாச்சும் உக்காந்துக்கிட்டு ஏறுவானா?"

"இது படி இல்லீங்களே."

"ஒனக்கு இல்ல. எனக்குப் படிதான்."

காவலாளி என்னைப் பார்த்தார். நாலு பேர் பார்க்கும்போது நான் எப்படி ஆவேன் என்று முன்பே சொன்னேன். அங்கே அதற்கு மேலேயே இருந்தார்கள். நான் மாமனாரின் பின்னால் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பொறுப்பு ஏற்றதாக எடுத்துக்கொண்டு காவலாளி மணியடித்தார்.

பெட்டி கிளம்பியது. மாமனார் சும்மா நிற்கவில்லை. வலது காலை அழுத்தினார், பிறகு இடது காலை அழுத்தினார், பிறகு வலது. இருந்த இடத்திலேயே படியேறிக்கொண்டிருந்தார். உதடு முணுமுணுத்தது. ஒவ்வொரு தடவையும் அவர் இடுப்பு என் கைக்குள் அசைந்தது. ஒரு பெண்மணி தன் கணவரிடம், பாவம், வாதநோய் போலிருக்கிறது என்றாள். குழந்தைக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போய்ச் சிரித்தது.

நடுவழியில் மேலேயிருந்து மற்றப் பெட்டி வந்தது. அதில் நாலைந்து பேர் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையைச் சுற்றித் துண்டு. மூக்கு மட்டும் தெரிந்தது. எதிர்க்கடைக்காரர் மூக்கை அடிவாரத்தில் யாரும் வேறொருவருடையது என்று நினைக்க முடியாது.

இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று தாண்ட அதிக நேரம் ஆகாது. ஆனாலும் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் முழுதாகப் பார்த்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. மாமனாரின் கால்கள் நின்றுவிட்டன. குழந்தை எதிர்க்கடைக்காரரை அடையாளம் கண்டு கையை நீட்டியது. அவரும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டுப் பாதியில் காதைச் சொறிந்துகொண்டார். அவர் இறங்கிப்போனார். நாங்கள் ஏறிப்போனோம். இரும்புக்கட்டிக்கும் சூப்புக்கும் இந்தச் சங்கடம் ஒருநாளும் நேர்ந்ததில்லை.

சற்று மேலே போனதும் மாமனார் திரும்பாமலே கேட்டார். "எறங்கும்போது எதுக்கு மாப்ள நிக்கிறான்?"

தெரியவில்லை என்றேன்.

"ஏறும்போது உக்காந்துட்டான். அதான்" என்றார். மறுபடியும் வலது காலை அழுத்தினார்.

சன்னதியில் கூட்டமில்லை. குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.   பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சொன்ன பிறகும் இறக்கவில்லை. அவர் என்ன வேண்டினார் என்று என் காதில் விழவில்லை. ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும், குழந்தையின் நெற்றியை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. இருந்தும் அவர் முகம் தெளியவில்லை.

இறங்குவதற்கு நான் விஞ்ச் பக்கம் திரும்பினேன்.

"படி வழியா எறங்குவோம்" என்றார்.

டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"ஏறத்தான் கூடாதுன்னாரு. எறங்கக் கூடாதுன்னு சொல்லல." பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்தார். "இப்ப நீங்க தூக்கிக்கலாம். எறங்குறது நேந்ததுல வராது."

அவர் திட்டம் எனக்குப் புரிந்தது. படி வழியாக இறங்கி வருகிறவரை யாரும் நீ எப்படி ஏறினாய் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் மோசம் என்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு படிக்கும் உடம்பின் மொத்தக் கனமும் அந்த மூட்டில் வந்து விழுந்தது. இடும்பன் கோவிலில் உட்கார்ந்தார். இன்னும் கீழே ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தார். பாதி வழியில் துண்டை அவிழ்த்து முழங்காலில் இறுக்கிக் கட்டினார். ஏறி வந்த பக்தர்கள் அவரைப் பார்த்து அரோகரா என்று குரல் கொடுத்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் கடைகள் திறந்திருந்தன. மாமனார் நொண்டி நொண்டிக் கடைசிப் படியில் காலை வைத்ததும் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். இந்தக் காலோடு எப்படி ஏறினீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் நம்பவில்லை. நிஜமாகவே ஏறினாரா, டோலி எதுவும் வைத்தாரா என்று என்னிடம் கேட்டார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மாமனார் குனிந்து முழங்காலைத் தடவினார்.

அந்த நேரத்தில் எதிர்க்கடையில் இருந்து குரல் வந்தது. தலையில் துண்டு இல்லை. நெற்றி நிறைய விபூதி.

"என்னக் கேளுங்கப்பா. காலைல நான் எறங்கி வாறேன், அண்ணன் ஏறிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு கண்ணால பாத்தேன். கையில பிள்ள. உக்காரக்கூட இல்ல மனுசன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டம் உச்சுக்கொட்டியது.

மாமனார் நிமிர்ந்தார். எதிர்க்கடைக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, அவரும் எறங்கிக்கிட்டு இருந்தாரு" என்றார். "அவரும் உக்காரல."

அப்படியானால் இருவரும் பெரிய ஆட்கள்தான் என்று ஊர் தீர்மானித்தது. என்னை யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று மாலைக் கூட்டத்தில் விஞ்சுக்கு எதிராக யாரோ ஆரம்பித்தபோது, எதிர்க்கடைக்காரர் மழை வரும்போலிருக்கிறது என்று பேச்சை மாற்றினாராம். மாமனார் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கட்டிலில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், ஏறினால் வலிக்கத்தானே செய்யும் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் தைலப் பாட்டிலோடு வந்தார். இரண்டு பேரும் தேங்காய் விலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லை. கட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

கொடைக்கானலுக்குப் புறப்படுமுன் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் வேறு யாரும் காதில் படும் தூரத்தில் இல்லை.

"மாப்ள, அன்னைக்கு ஏறும்போது எனக்கு ஒரு பொட்டு வலி இல்ல" என்றார். "அதான் எனக்குப் பயமாப் போச்சு. சும்மா போயிட்டு வந்துட்டோமே, இத சாமி எப்படி ஒத்துக்குவாரு, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு. மேல நின்னு அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

காலைப் பார்த்தார். "எறங்கும்போது வாங்கிக்கிட்டாரு."

நான் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு முழங்காலைத் தொடப் போனேன். அவர் காலை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

"இருக்கட்டும். இன்னும் ரெண்டு நாளைக்கு வலிக்கட்டும்" என்றார்.